பேனரில் இருந்த எண்

பெண்ணாடம் சாலையைப் பார்த்த நல்ல அகலமான சுவர் அந்த அம்மாவின் வீட்டுக்கு இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் அவருக்கு வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தில் அச்சு விட்டுப்போன கோட்டை ஈரப் பஞ்சால் தேய்த்து எடுப்பார். வீட்டிலும் அந்தக் கட்டைவிரல் சும்மா இருக்காது; டீ டம்ளரின் விளிம்பையும் தேய்க்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை.

கோடிக்கணக்கில் செலவழித்து நடத்திய ஒரு நற்செய்தி விளம்பரத்துக்கு ஊர் ஊராகச் சுவர் பிடித்துக் கொடுப்பது அப்போது என் வேலை. கிறிஸ்தவர் வீடாயிற்றே, மறுக்கமாட்டார் என்று நினைத்துப் பேனரை விரித்தேன். ‘தனியாக இருக்கிறீர்களா? இயேசு கேட்கிறார். அழையுங்கள்’ என்று எழுதி, கீழே ஓர் எண்.

அவர் உடனே அந்த எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னது ஒரு குரல். அழுத்தினார். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிவரை யாரும் பேசவில்லை.

“எங்க வூட்டுக்காரரு படுத்த படுக்கையா கெடந்தப்ப, சபையில நாலு பேரு மாத்தி மாத்தி வந்து ஒக்காந்தாங்க தம்பி. அதுக்குப் பேருதான் ஊழியம். நீங்க இவ்ளோ காசக் கொட்டி ஏசப்பாவ சோப்பு மாதிரி விக்கிறீங்க. என் சுவத்துல வேணாம்.”

“இன்னொரு தடவ போட்டா எடுப்பாங்கம்மா,” என்றேன்.

அவர் கட்டைவிரல் பேனரில் இருந்த எண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தது. “அப்ப இத அடிச்சிட்டு ஒங்க நம்பர எழுதி மாட்டுங்க. தனியா இருக்கறவங்க ஒங்களக் கூப்புடட்டும்.”

என் சட்டைப்பையில் பேனா இருந்தது. நான் பேனரைச் சுருட்டினேன்.