கல்லான இளவரசனுக்கு ஒரு கைப்பிடி அரிசி

'ஆடி, செவ்வாய். இரண்டாம் பாகத்திலும் இளவரசன் கல்லாகவே இருப்பானாம். தண்ணீர்க் குழாயில் சண்டை.' என் கையெழுத்தில் உள்ள இந்தக் குறிப்பில் ஆண்டு இல்லை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்துவிடுமென்று, தோட்டத்து வேலிக்கு வெளியே உணவு கொண்டுபோகத் தடை வந்த பிறகு நடந்தது. ஆகவே 1951க்கு முந்தியதாக இருக்க முடியாது.

அப்போது மலாயாவில், ரந்தாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பாலுக்கு மரம் வெட்டிக்கொண்டிருந்தேன். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி, ஒரே வாசல். செய்தியைக் கொண்டுவந்தவர் லாரி டிரைவர். சிரம்பானில் வாங்கிய சினிமாப் பத்திரிகையைக் குழாயடியில் நின்று படித்தார். நாங்கள் எல்லாரும் பார்த்து அழுத மாயாஜாலப் படத்துக்கு இரண்டாம் பாகம் வருகிறது. மந்திரவாதி கல்லாக்கிய இளவரசன் எழமாட்டான். இளவரசிக்குப் புது மாப்பிள்ளை.

“அந்த டைரக்டர் கையில கத்தியக் குடுங்க. ரெண்டு நெர வெட்டட்டும். அப்புறம் யாரக் கல்லாக்குறதுன்னு யோசிப்பான்” என்றாள் ஒருத்தி.

“இத்தன மந்திரம் தெரிஞ்ச படத்துல, கல்ல எழுப்ப ஒரு மந்திரம் இல்லையாலா?” என்றார் டிரைவர்.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் எரிச்சல்பட்டார். “ரேசன் அரிசியக் கொறச்சிட்டான். அதக் கேக்க ஆளக் காணோம்.”

“அதக் கேட்டா உள்ள போடுவான் மண்டோரே. இதக் கேட்டா யாரு போடுவா?” என்றாள் முதலில் பேசியவள்.

எனக்கு அடுத்த நிரையில், அடுத்த மர வரிசையில், வெட்டும் பெண்ணும் குடத்துடன் அங்கே நின்றிருந்தாள். காட்டில் இருந்தவர்களுக்கு மருந்து கொடுத்ததாகச் சொல்லி அவள் கணவரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எந்த முகாம் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தை அவருடன்தான் பார்த்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதவளிடம், “அடுத்த பாகத்துல எந்திரிச்சிருவான், பேசாம வா” என்று அவர் தேற்றியிருக்கிறார். அவர் போன பிறகு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சாப்பிட்டாள், விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு எழுந்து வந்து பெயர் கொடுத்தாள். கல் எழுந்தால் அவரும் வருவார்.

வெட்டுக்காட்டின் ஓரத்தில், வேலிக்கு வெளியே, எங்கள் முனியாண்டி இருந்தார். முதல் மரத்தில் கத்தி வைக்குமுன் அங்கே சூடம் ஏற்றுவது வழக்கம். டைரக்டர் மனம் மாற வேண்டுதல் வைக்கப் போவதாக என்னிடம் சொன்னாள்.

“சூடம் போதும்” என்றேன். “அரிசி வேணாம். வாசல்ல தடவிப் பாக்குறாங்க.”

“மத்ததுக்கெல்லாம் சூடம் போதும் அக்கா. போன ஆளு திரும்பணும்னா அரிசி வைக்கணும். எங்கம்மா அப்பிடித்தான் வெச்சாங்க.”

மறுநாள் வாசலில் எனக்கு முன்னால் நின்றாள். பெண்களைச் சோதிக்கும் மலாய்க்காரி, மரத்தில் காய்ந்த பாலைப் பிடுங்கிப் போடும் அவளுடைய ஒட்டுப்பால் பையைக் கவிழ்த்தாள். துணி முடிச்சு ஒன்று விழுந்தது. ஒரு கைப்பிடி அரிசி, அவள் உண்ணாமல் எடுத்து வைத்தது.

வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வந்தார். யாருக்கு என்று கேட்டார். தோட்டத்து அலுவலகக் கிராணி மொழிபெயர்த்தார்.

“முனியாண்டிக்கு. டைரக்டர் மனசு மாறணும்.”

“எந்த டைரக்டர்?” கிராணிக்கு வியர்த்தது. “இத நான் துரைகிட்ட எப்பிடிம்மா சொல்லுவேன்?”

வரிசை முழுவதும் பேச ஆரம்பித்தது. மந்திரவாதியை ஒருத்தி சொன்னாள், கல்லானதை இன்னொருத்தி. டிரைவர் ஓடிப்போய்ப் பத்திரிகையை எடுத்துவந்து படத்தைக் காட்டினார். என் முறை வந்தபோது இளவரசி கல்லைக் கட்டிக்கொண்டு அழுததைச் சொன்னேன். கதை முழுவதையும் சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினோம். நம்புவதற்கு வேறு எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் பாதிவரை கேட்டார். பிறகு முடிச்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவளை ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

“அவங்க இருக்கற எடத்துக்கே என்னையும் அனுப்பச் சொல்லுங்க கிராணி” என்றாள். கிராணி அதை மொழிபெயர்த்தாரா என்று நான் கவனிக்கவில்லை. எங்களை வேலைக்குப் போகச் சொன்னார்கள். அவள் நிரையை மண்டோர் அன்றைக்கே வேறொருத்திக்குக் கொடுத்தார்.

இரண்டாம் பாகம் வெளிவந்ததற்கான விளம்பரம் எதுவும் நான் தேடிய பத்திரிகைகளில் இல்லை. கணவரை இந்தியாவுக்கு நாடு கடத்தியது மட்டும் பின்னர் அவருடைய தம்பி மூலம் தெரிந்தது. அவளையும் அதே கப்பலில் ஏற்றினார்கள் என்று லாபு என்ற ஊரில் ஒருவர் சொன்னார். அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. அதை இன்றுவரை என்னால் உறுதிப்படுத்த முடியவில்லை.