தண்ணீருக்குள் ஒரு மனை

போன செவ்வாய்க்கிழமை என் மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். அவளுடைய செருப்பையும் போனையும் பிடித்துக்கொண்டு நான் கரையில் நின்றேன்.

எம்.காம். படித்தவள். ரியல் எஸ்டேட் ஏஜென்டாக ரெரா என்ற அரசு ஆணையத்தில் பதிவு செய்து, போட்டோ போட்ட விசிட்டிங் கார்டோடு வந்தபோது எனக்கும் பெருமைதான். அரசாங்கமே எண் கொடுத்துவிட்டது... இனி என்ன பயம்?

சேரன்மகாதேவி போகிற வழியில் ஒரு லே-அவுட். அங்கேதான் அவளுடைய முதல் விற்பனை. வாங்கியவர் ஏரலில் வாழைக்காய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. ஒரு மழையில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தபோது, பீரோ மேல் ஏறி உட்கார்ந்து உயிர் பிழைத்தவர். தண்ணீர் வராத இடம் — அவர் கேட்டது அது ஒன்றுதான்.

இங்கே தண்ணீரே நிற்காது என்று லே-அவுட் போட்ட கம்பெனி சொன்னதை இவளும் சொன்னாள். சித்திரை வெயிலில் நிலம் வெடித்துக் கிடந்தது. யாருக்குச் சந்தேகம் வரும்? கைராசிக்காரப் பிள்ளை என்று தன் மனையின் மூலைக்கல்லை அவள் கையாலேயே நடச் சொன்னார் அண்ணாச்சி.

இப்போது மழை. லே-அவுட் முழுக்கத் தண்ணீர். பெயர்ப்பலகை மட்டும் தலையை நீட்டிக்கொண்டு நின்றது.

அண்ணாச்சி வந்துவிட்டார். கம்பெனி மேனேஜரின் போன் ஸ்விட்ச் ஆஃப். கார்டில் இருப்பது என் மகளின் முகம்தானே? அவருடைய மனை எது என்று காட்ட இறங்கிவிட்டாள்.

"ஏட்டி, பாம்பு கெடக்கும். ஏறி வா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காலால் துழாவித் துழாவிப் போனவள், ஓரிடத்தில் நின்றாள்.

"இங்கனதான் அண்ணாச்சி. கல்லு காலுல தட்டுது."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பார்த்தார்.

"அங்க ஆத்துத் தண்ணி. இங்க மழைத் தண்ணி. நான் எங்கன போய்ப் படுக்கட்டும் தாயி?"

என் மகள் கரையேறி, பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். என் கையிலிருந்த அவள் போன் அடித்தது. அதே லே-அவுட்டில் மனை கேட்டு யாரோ ஒருவர். ஞாயிற்றுக்கிழமை வரலாமா என்றார்.

"இன்னைக்கே வாங்க சார். தண்ணி நிக்கும்போதே பாத்துருங்க" என்றாள்.

அந்த மனிதர் கம்பெனிக்கே போன் போட்டு விசாரித்திருக்கிறார். காலையெல்லாம் செத்துக் கிடந்த மேனேஜரின் போன் சாயங்காலம் உயிர் பெற்றது — நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்ல.

அவள் தண்ணீரில் இறங்கியதும், இந்த வேலையே வேண்டாம் என்று சாமிக்கு நேர்ந்துகொண்ட அம்மாதான் நான். போய்விட்டது. நிம்மதி மட்டும் வரவில்லை.

அண்ணாச்சி தினமும் கூப்பிடுகிறார். "வடிஞ்சிட்டா தாயி?" இவளும் தினமும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி இன்னும் நிக்கி அண்ணாச்சி" என்கிறாள்.

வேலை போன விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை.