கோமாளி மீன் குஞ்சுகளின் பதினோராம் நாள்

கண்ணாடித் தொட்டியில் பார்க்கிறோமே, பவளப்பாறையில் வாழும் கோமாளி மீன், அது குஞ்சாக எப்படி இருக்கும் என்று மகள் கேட்டாள். விசாரித்ததில், திண்டிவனம் பக்கம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுவைத்த ஒரு கொட்டகையில் அதன் முட்டைகளைப் பொரிக்க வைக்கிறார்கள் என்றார்கள். போன் செய்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

விழுப்புரத்தில் 7.40க்குப் பஸ். நாற்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். அங்கிருந்து மரக்காணம் சாலையில் எட்டு கிலோமீட்டருக்கு ஆட்டோ 180. "மீனுக்கு மார்க்கெட்டுக்குல்ல போவணும், கழனிக்கு எதுக்குங்க போறீங்க?" என்றார் ஓட்டுநர். நியாயமான கேள்விதான்.

மீன்களைப் பார்த்துக்கொள்வது செல்வி. கடல்நீர் மரக்காணத்திலிருந்து கேனில் வருகிறது. ஓட்டுத்துண்டில் ஒட்டிய முட்டைகளை ஒரு வாரம் துடுப்பால் விசிறிக் காப்பது தகப்பன் மீனாம். பொரிந்த குஞ்சுக்கு உடம்பே தெரியாது, இரண்டு கண்கள்தான். பத்துப் பதினோரு நாளில் வெள்ளைக் கோடு விழுந்தால் பிழைத்துக்கொண்டது என்று அர்த்தம். இதுவரை ஐந்து முறை மூன்றாம் நாளே எல்லாம் செத்துப்போயிருக்கின்றன.

"இதுவும் போச்சுன்னா தொட்டிங்கள வித்துட்டு பாண்டிக்கு கம்பெனி வேலைக்குத்தாங்க போவணும். இன்னிக்குப் பதினொண்ணாம் நாளு. வாங்க, கோடு பாக்கலாம்."

கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம். கோயில் மாதிரி இருக்கிறதே என்று நான் வேறு பாராட்டினேன். செல்வி தொட்டிக்கு ஓடினார்.

தொட்டியின் அடியில் நொய் சிந்தியதுபோல் குஞ்சுகள் கிடந்தன. பலவற்றின் கழுத்தோரம் அந்த வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. காற்று மோட்டாருக்குப் பக்கத்திலேயே தூபக்கால். மோட்டார் புகையை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது.

"யாரு இங்க பொகை போட்டது?"

அவர் கணவர் ஏழுமலை வாசலில் நின்றார். "நான்தான். சார் வர்றாரே, கவுச்சி அடிக்குமேன்னு ஜல்தியா போட்டுக்கினு வந்தேன்..."

செல்வி மோட்டாரை நிறுத்திவிட்டு, டம்ளரால் மொண்டு மொண்டு தேடினார். மூன்று குஞ்சுகள் அசைந்தன. அவற்றை வேறு தண்ணீருக்கு மாற்றினார்.

"மூணு மீனுக்கு ஒரு கொட்டாய் எதுக்குங்க?" என்றார். ஒரு போட்டோகூட எடுக்காமல் திரும்பினேன்.

பஸ்ஸில்தான் உறைத்தது. முந்தின நாள் என் போனை எடுத்தவர் ஏழுமலை. நான் கேட்ட முதல் கேள்வியே, "உள்ளே ரொம்ப நாத்தம் அடிக்குமாங்க?" என்பதுதான்.

இப்படி எங்காவது போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள், திரும்ப வண்டி கிடைக்காது. மீன் வளர்க்கும் இடத்தில் மீன் வாடை அடிக்கும். போனில் அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.