சீட்டு சரி, கூட யாரு?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரைக்கும் உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர் என்பவர் பாதி ஜோசியர், பாதி புரோக்கர். மிச்சம் ஏதாவது இருந்தால்தான் ஆசிரியர். ஜவ்வாது மலையில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் பிசிக்ஸ் எடுக்கிறேன். சொந்த ஊர் கலசப்பாக்கம். ஒரு நாள் ஸ்டாஃப் மீட்டிங்குக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன், அவ்வளவுதான். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் இந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும், என்னைப் போல ஊரார் பிள்ளைகளுக்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துகிறவர்களுக்கும் நான் படும் பாடு சொல்லாமலே புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சந்தையில் ஒரு கேள்வி

ஜமுனாமரத்தூர் சந்தையில் நான் நிம்மதியாக ஒரு கிலோ தக்காளி வாங்கி வருஷக்கணக்காகிறது. எவராவது ஒருவர் வழி மறித்து, "நம்ம பையனுக்குக் கெடைக்குமா, கெடைக்காதா?" என்பார். எந்தப் பையன், எந்தக் காலேஜ் என்று அவரும் சொல்ல மாட்டார். நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

இந்த வருஷம் சித்திரை வெயிலில் ஒருவர் பிடித்துக்கொண்டார். மகனைப் பெரிய காலேஜில் சேர்க்க வேண்டுமாம். நானும் தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, கட் ஆஃப் என்றால் என்ன, மலைப் பிள்ளைகளுக்கு என்ன ஒதுக்கீடு, அரசுப் பள்ளிக்கு என்ன ஒதுக்கீடு என்று ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தேன். கடைசியில், மார்க் எவ்வளவு என்றேன். பையன் இப்போதுதான் எட்டாவது போகிறானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சீட்டு இருக்குதா இல்லையான்னு மொதல்ல நீங்க பாத்துச் சொல்லுங்க டீச்சர், அதுக்கேத்த மாதிரி அவன படிக்கச் சொல்லிக்கலாம்."

வெள்ளையன் கேட்டது

இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் ஒரு கோகிலா வந்தாள். அதிகம் வாய் திறக்காத பெண். எதைக் கேட்டாலும் ஒரு சிரிப்பு. ரிசல்ட் வந்தபோது அவள் கட் ஆஃபைப் போட்டுப் பார்த்த நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். இருநூறுக்கு நூற்று எண்பதைத் தாண்டியிருந்தது. சென்னையில் இருக்கும் அந்தப் பெரிய பொறியியல் கல்லூரியில் சிவில் கிடைக்கும். பேர் எதற்கு, இன்ஜினியரிங் என்றதும் உங்கள் வாயில் முதலில் வருவது எதுவோ அதேதான். எங்கள் பள்ளியிலிருந்து அந்த வாசலை மிதித்தவர் ஒருவரும் கிடையாது. அவளுக்கும் அதுதான் ஆசை. அப்பாவிடம் மட்டும் நீங்க சொல்லுங்க டீச்சர் என்றாள்.

அப்பா வெள்ளையன். சாமை போடுகிறார், நாலு புளிய மரம் இருக்கிறது. அவரைப் பள்ளிக்கு வரவழைத்து நான் பேசினேன் பாருங்கள், என் வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. ஃபீஸ் கிடையாது, விடுதி உண்டு, படித்து முடித்தால் வேலை, கோகிலா போட்ட ரோட்டில் நீங்கள் பஸ்ஸில் போவீர்கள் என்று ஏதேதோ சொன்னேன். மனுஷன் கைகட்டி எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டினார். டீ வந்தது, குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சீட்டு கெடைக்கும்ங்கறீங்க, சரி. கூட யாரு போறா?"

நாலு பேரும் ஒரே காலேஜ்

இந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மலையில் சந்தைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூட ஒரு ஆள் உண்டு. தனியாக ஒருவர் கீழே இறங்கினால், வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்பார்கள். போன வருஷம் பிரபு என்று ஒரு பையன் இருந்தான். நல்ல மார்க். அவனுக்கு உயிர்ச் சினேகிதர்கள் மூன்று பேர். மூன்று பேருடைய மார்க்கையும் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

கவுன்சலிங்கில் விஷயம் என்னவென்றால், நாம் எந்தக் காலேஜை முதலில் வைக்கிறோமோ அதைத்தான் கம்ப்யூட்டர் முதலில் பார்க்கும். அது கிடைத்துவிட்டால் கீழே இருப்பதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே பெரிய காலேஜை மேலே வை, சின்னதைக் கீழே வை என்று பிரபுவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவன் பவ்யமாகத் தலையாட்டிவிட்டுப் போய், நாலு பேரில் குறைந்த மார்க் வாங்கியவனுக்கு எது கிடைக்குமோ அந்தக் காலேஜை முதலில் வைத்தான். நாலு பேரும் அப்படியே வைத்தார்கள். அந்தக் காலேஜ் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது, மேப்பில் தேடித்தான் கண்டுபிடித்தேன். நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். அவன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து நிற்கிறான். "எல்லாருக்குமே மொத சாய்ஸு கெடச்சிடுச்சி டீச்சர், ஸ்டேட்லயே யாருக்கும் இப்டி கெடச்சிருக்காது!"

கடைசி பெஞ்ச்

கோகிலாவை அந்தக் கதிக்கு விடுவதாக இல்லை. ஒரே வழிதான் இருந்தது. வெள்ளையன் கேட்பது துணை. துணையைப் பிடித்துக் கொடுத்துவிடுவோம். அதே ஊரில் ரஞ்சிதா என்று கோகிலாவின் கூட்டாளி. காமர்ஸ் குரூப், கடைசி பெஞ்ச். பாஸ் ஆனதே அவளுக்கு ஆச்சரியம். ஜமுனாமரத்தூரில் ஒரு செல்போன் கடையில் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தாள். அவளை சென்னையில் ஒரு பெண்கள் கலைக் கல்லூரியில் சேர்த்து, இரண்டு பேரையும் ஒரே அரசு மாணவியர் விடுதியில் போட்டுவிட்டால் வெள்ளையன் வாய் அடைத்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

அதிலிருந்து என் பிழைப்பு ரஞ்சிதாவின் பின்னால் அலைவது என்றாகிவிட்டது. ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்த பெண்ணை விட்டுவிட்டு கடைசி பெஞ்சைத் தாங்குகிறீர்களே என்று தலைமை ஆசிரியர் கேலி செய்தார். தாங்காமல் என்ன செய்ய? அந்தப் பெரிய காலேஜின் சாவி இவள் இடுப்பில் இருக்கிறது. மூன்று வருஷம்தான், கணக்குப் பாடம் கிடையாது, கடற்கரை பார்க்கலாம் என்று என்னவெல்லாமோ சொல்லி அவளை பி.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பிக்க வைத்தேன். போட்டோ ஒட்டும்போது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "மார்க்கு எடுத்தது அவ, ஊர விட்டுப் போறது நானா டீச்சர்? இன்னா நியாயம் இது?"

துணைக்குத் துணை

வேலை முடிந்தது என்று நினைத்தேன் அல்லவா? முடியவில்லை. கலைக் கல்லூரிகள் முன்னாலேயே திறந்துவிடும். இன்ஜினியரிங் கவுன்சலிங் முடிய ஆவணி ஆகிவிடும். இது எனக்குத் தோன்றவில்லை, ரஞ்சிதாவின் அம்மா குப்பம்மாவுக்குத் தோன்றிவிட்டது. பள்ளி வாசலில் வந்து, மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றாள்.

"ஏன் டீச்சர், கோகிலாவுக்கு எம்பொண்ணு தொண. நல்லது. அந்தக் கோகிலா வந்து சேர்ற வரிக்கும் எம்பொண்ணுக்கு யாரு தொண?" என்று கேட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்ல வேளை, முதல் சுற்றில் ரஞ்சிதாவுக்கு சீட்டு கிடைக்கவில்லை. என் மாணவிக்கு இடம் கிடைக்கவில்லை என்று நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு முறைதான். மிச்சமிருக்கும் இடங்களுக்குப் பிறகு கூப்பிடுவார்கள், அதற்குள் கோகிலாவுக்கும் ஆகிவிடும், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகட்டும் என்று சமாதானம் சொன்னேன். குப்பம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டாள். "ஒண்ணு அனுப்பறதுக்கு ரெண்டு, ரெண்டு அனுப்பறதுக்கு நாலுன்னு கேப்பீங்க போல, பேசாம காலேஜ இங்க தூக்கினு வந்துடுங்க டீச்சர்."

ஓ.டி.பி.

கோகிலா சாய்ஸை உறுதி செய்ய வேண்டிய கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். பள்ளி கம்ப்யூட்டர் முன்னால் நான், கோகிலா, பக்கத்தில் ரஞ்சிதா. சென்னை காலேஜ் முதலிடத்தில் இருக்கிறது. உறுதி செய்தால் வெள்ளையன் செல்லுக்கு ஒரு நம்பர் போகும், அவர் அதைச் சொல்ல வேண்டும். அவர் ஊர் பஸ் நிறுத்தத்தில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருக்கிறார்.

"நம்பர் வந்துச்சாண்ணா?"

"வந்துச்சி."

"சொல்லுங்க."

"ரஞ்சிதாவுக்கு சீட்டு வந்துச்சா?"

அண்ணா, அது வரும், இப்போது இதைச் சொல்லுங்கள் என்கிறேன். அது வரட்டும், இதைச் சொல்றேன் என்கிறார். அந்த நம்பர் காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே பேச்சு. பன்னிரண்டு வருஷம் படித்த படிப்பு ஒரு மனுஷனின் பிடிவாதத்தில் போய்விடும் போல இருக்கிறது. அப்போதுதான் வாயே திறக்காத கோகிலா போனை என் கையிலிருந்து வாங்கினாள். "எப்பா, எனக்கு அந்தக் காலேஜு வேணும்ப்பா. ராத்திரி பகலா படிச்சது நானு. இது போச்சின்னா நான் வேற எங்கயும் போமாட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். ரஞ்சிதா போனைப் பிடுங்கினாள். "மாமா, எனக்கு சீட்டு வந்துடுச்சி. இப்பதான் மெசேஜு வந்துச்சி. நம்பர சொல்லுங்க" என்றாள். அவர் சொன்னார், நான் அடித்தேன், பூட்டியாயிற்று. எனக்கு உயிர் வந்தது. எங்கே உன் மெசேஜ், காட்டு பார்க்கலாம் என்றேன் ரஞ்சிதாவிடம். "நாளிக்கு வரும் டீச்சர், வராம எங்க போவப் போவுது?"

திரும்பி வந்தவள்

உண்மையிலேயே வந்தது. கோகிலாவுக்கு அந்தக் காலேஜே கிடைத்தது, ரஞ்சிதாவுக்கும் வரலாறு கிடைத்தது. இரண்டு பேரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து, பள்ளியில் எல்லோருக்கும் நானே டீ வாங்கிக் கொடுத்தேன். என் சந்தோஷம் மூன்றாம் வாரத்தில் போயிற்று. சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருக்கிறேன், எதிரே ரஞ்சிதா. விடுமுறையா என்றால் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்துவிட்டாளாம். இங்கேயே ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் சேரப் போகிறாளாம்.

நடு சந்தையில் கத்திவிட்டேன். அடிப்பாவி, உன்னை நம்பித்தானே அந்தப் பெண்ணை அனுப்பினேன், இனி அவள் அப்பா அடுத்த பஸ்ஸிலேயே போய் அழைத்து வந்துவிடுவாரே என்று. அவள் கோபப்படவில்லை. கோகிலா விடிந்தால் காலேஜ், வந்தால் புஸ்தகம், அவளுக்குப் புதுசாக நாலு பேர் சிநேகிதம், இவள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவே இல்லையே. "அவுளுக்கு நான் தொணன்னு எல்லாரும் சொன்னீங்க டீச்சர், எனக்கு அங்க யாரு இருந்தா?"

சாமைக் காட்டில்

பொறுக்கிய வெங்காயத்தை அப்படியே கடையில் போட்டுவிட்டு வெள்ளையன் ஊருக்கு ஓடினேன். வழியெல்லாம் பேச வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். ரஞ்சிதா வந்த சேதி அவருக்கு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அண்ணா, கோகிலாவைக் கூப்பிட்டுவிடாதீர்கள், நல்லாப் படிக்கிறாள், உங்கள் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்று ஆரம்பித்தேன். மூச்சு வாங்கியது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போல.

"அத ஏன் டீச்சர் கூப்பிடறேன்? நம்மூர்ல இன்னும் ரெண்டு பொண்ணு பதினொண்ணு படிக்குது. அதுங்க நாளிக்கு மெட்ராஸு போனா கூட யாரு இருப்பா? கோகிலா அங்கயே இருக்கட்டும். நீங்க அதுங்க ரெண்டுத்துக்கும் அதே காலேஜுல ஒரு எடம் பாத்து வெச்சிடுங்க."

அந்த இரண்டு பேரில் ஒருத்தி கெமிஸ்ட்ரியில் பெயில், இன்னொருத்தி கணக்குப் பாடமே எடுக்கவில்லை. இருந்தாலும் துணை தயாராக இருக்கிறது, அதனால் இந்த மலையின் கணக்குப்படி அவர்களுக்கு சீட்டு பாதி கிடைத்த மாதிரிதான்.