வயிற்று எரிச்சல் என்று வந்தவர்

எழுமலைப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடங்கள் மருத்துவராக இருந்தேன். ஓ.பி.யில் பெண்கள் கை கால் குடைச்சல், கிறுகிறுப்பு, படபடப்பு என்று வருவார்கள். "வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று கேட்டால் பலர் அழுதுவிடுவார்கள். அழுதுவிட்டால் மனச்சோர்வைக் கண்டுபிடிப்பது எளிது. ஆண்கள் கேஸ் டிரபிள் என்பார்கள். மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் பாண்டியம்மாள். அவரது ஒரே மகன் சாலை விபத்தில் இறந்திருந்தான். வந்த முதல் நாளே என் மேசையில் தலைசாய்த்து அழுதார். மாத்திரையும் பேச்சுமாக மெல்லத் தேறி வந்தார். கணவர் ராசு அவரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேப்பமரத்தடியில் நிற்பார். உள்ளே வரமாட்டார்.

ஒரு நாள் பாண்டியம்மாளை வெளியே உட்காரவைத்துவிட்டு, ராசுவே டோக்கன் வாங்கிக்கொண்டு வந்தார்.

"வயித்து எரிச்சல் தாங்கல டாக்டரம்மா. ஏதாச்சும் குடுங்க, போறேன்."

வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆனால் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வெளியே பெரிய வரிசை. இருந்தும் கேட்டேன்.

"தூக்கம் வருதாண்ணே?"

"அதெல்லாம் வரும்."

"கோவம்?"

"வருது. வாயில்லாத மாட்டைப் போட்டு அடிச்சுப்புட்டேன்."

"செத்துப்போயிரலாம்னு தோணுதா?"

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். பிறகு, "மருந்து வாங்கி மோட்டார் ரூம்புல வச்சிருக்கேன்" என்றார். பூச்சிமருந்தைத்தான் சொன்னார்.

அவர் சம்மதத்தோடு பாண்டியம்மாளை உள்ளே அழைத்துச் சொன்னேன். மயங்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவரே இன்னும் மாத்திரை சாப்பிடுகிறவர். ஆனால் அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு, கணவரின் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"நீயும் அவனுக்கு அப்பன்தானய்யா. நான் அம்புட்டு அழுதேன், நீ ஒரு சொட்டு அழுதியா? எனக்குத் தாங்காதுன்னு நெனச்சியாக்கும். தாங்குவேன். இப்ப அழு."

ராசு அழுதார். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை அது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு வாய் சோறுகூட இறங்காத பெண், கணவரின் பிடரியில் கை வைத்து, அவர் அழுது ஓயும்வரை அசையாமல் இருந்தார். நான் படித்த எந்தச் சிகிச்சையையும்விட அது பெரிதாகத் தெரிந்தது.

அன்றே பாண்டியம்மாள் சொல்லி ராசுவின் தம்பி போய் அந்த மருந்தை அப்புறப்படுத்தினார். பாண்டியம்மாள் கணவரை ஆரப்பாளையம் பஸ்ஸில் ஏற்றி, மதுரையில் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனார். குணமாக நாள் பிடித்தது. நடுவில் ஒருமுறை மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். பிறகு எழுந்தார்.

அதன் பிறகு எந்த ஆண் எந்த வலியைச் சொன்னாலும் தூக்கத்தையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினேன். பாதிப் பேர் பதில் சொல்லமாட்டார்கள்.

மறு வருடம் பொங்கல் கழிந்து, ராசு இன்னொரு ஆளின் தோளில் கைபோட்டு அவரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"இவன் என் கூட்டாளி, டாக்டரம்மா. முதுகு வலிங்குறான். நம்பாதீங்க. நான் வெளிய நிக்கிறேன், நல்லாக் கேளுங்க."