தங்கராசு அண்ணாச்சி சத்தமாக வாசித்த பக்கம்

தங்கராசு அண்ணாச்சி செத்துப்போனார். இன்று காலையில், சாத்தூர் ஆஸ்பத்திரியில்.

மாரியக்காதான் போன் பண்ணிச் சொன்னாள். நானும் அவளும் முன்பு சிவகாசியில் ஒரு பைண்டிங் கம்பெனியில் ஒன்றாக வேலை பார்த்தோம். அண்ணாச்சி அங்கே சூப்பர்வைசர்.

"நல்ல மனுசன்டி. ஃபேஸ்புக்ல ஏதாச்சும் எழுது. நீதான் எழுதுறவளாச்சே" என்றாள்.

சரி... எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த லீவு. அம்மாவுக்கு விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலை. என்னை அந்தப் பக்கமே விடமாட்டாள். "மருந்துல நான் கெடக்குறது போதும், நீ பேப்பர் வேலைக்குப் போ" என்று பைண்டிங்கில் சேர்த்துவிட்டாள்.

முதல் நாள் உள்ளே போனதும் தலைகால் புரியவில்லை எனக்கு. ஆள் உயரத்துக்குக் கதைப் புத்தகங்கள். இன்னும் தைக்காமல், அடுக்கு அடுக்காக.

பதினாறு பக்கம் மடித்து வருவதற்கு ஃபாரம் என்று பெயர். வரிசையாக உட்கார்ந்து ஆளுக்கொரு ஃபாரம் எடுத்து வைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு புத்தகம் சேரும்.

என் இடம் ஐந்தாவது ஃபாரம். அதனால் அந்தக் கோடையில் நான் வாசித்த நாவல்கள் எல்லாமே அறுபத்தைந்தாம் பக்கத்தில் ஆரம்பித்து எண்பதில் முடியும்.

கல்யாணம் நிச்சயமாகும்... யாருக்கு என்று தெரியாது. ஒருத்தி அழுதுகொண்டே பஸ் ஏறுவாள்... எங்கே போனாள், தெரியாது.

மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து நானே எழுதுவேன். வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கத்தில். மாரியக்காதான் அதைத் தைத்து நோட்டாக்கிக் கொடுத்தாள். அது எப்போதும் என் பையிலேயே இருக்கும். கதை வராத நாளில் வீட்டைப் பற்றி எழுதினேன்.

ஒரு நாள் ஆசை அடங்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஆறாவது ஃபாரக் கட்டு ஒன்றை என் பக்கம் இழுத்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெல் அடித்த அவசரத்தில் திருப்பி வைக்க மறந்துபோனேன். அதிலிருந்தே எடுத்து எடுத்து அடுக்கினேன். சாயங்காலம் வரை சேர்ந்த புத்தகங்களில் ஐந்தாவது ஃபாரம் இல்லை, ஆறாவது இரண்டு தடவை.

தப்பு என்னுடையது. மறுக்கவில்லை. அண்ணாச்சி திட்டியிருக்கலாம், வேலையை விட்டே நிறுத்தியிருக்கலாம்.

மறுநாள் மதியம், எல்லோரும் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்த நேரம். என் பையைக் கொட்டி நோட்டை எடுத்தார்.

"புள்ள வேலை பாக்க வரல. எழுத்தாளரு வந்திருக்காக. என்ன எழுதியிருக்காகன்னு கேப்பமா?"

கதைப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனார். வீட்டுப் பக்கம் வந்ததும் நின்றார். நிறுத்தி, நிதானமாக, கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"அம்மா தலை பின்னிவிட்டால் நாள் முழுக்க மருந்து வாடை. அவள் கை படுவதே எனக்குப் பிடிக்கவில்லை."

சிரித்தார்கள். மாரியக்காவும் சிரித்தாள்... அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அது அவளுக்கும் தெரியும். எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். நான் வீடு போய்ச் சேருவதற்கு முன்பே விஷயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நோட்டு என்ன ஆனது? வெட்டிப்போட்ட பேப்பர் குப்பையோடு போனது.

அடுத்த நாள் காலை அம்மா சீப்பை என் கையில் கொடுத்தாள். "நீயே பின்னிக்கோ தாயி. எங்கையி நாறுதுல்ல."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவள் என் தலையைத் தொடவே இல்லை. என் கல்யாணத்தன்றும் சித்திதான் பின்னிவிட்டாள். அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது.

எப்படி விடாமல் தினம் எழுதுகிறீர்கள் என்று இன்பாக்ஸில் கேட்கிறீர்களே... இப்படித்தான்.

அந்த வாரம் ஆரம்பித்தேன். தினம் ஒரு பக்கம். காய்ச்சலில் எழுதினேன், பிரசவ வார்டில் எழுதினேன். ஒவ்வொரு கோடையிலும் வெறிபிடித்து வாசித்தேன், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. ஒழுக்கமும் இல்லை, தவமும் இல்லை. வீம்பு. நோட்டைத் திறந்தால் முதலில் அந்த ஆள் முகம்தான் வரும்.

போன வருஷம் என் கதைத் தொகுப்பு வந்தது. ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டைக்கு அவர் வீட்டைத் தேடிப் போனேன். அதில் அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் உண்டு. அதை அவர் வாயால், சத்தமாக, வாசிக்க வைக்கவேண்டும்.

வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"நானா வாசிச்சேன்? ஞாபகமே இல்லையே தாயி. எம்புட்டோ புள்ளைக வேலை பாத்தாக."

நடிக்கவில்லை. உண்மையிலேயே ஞாபகம் இல்லை. புத்தகத்தை வாங்கி, கட்டைவிரலால் பக்கங்களைச் சரசரவென்று ஓட்டினார். "ஃபாரமெல்லாம் சரியா இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். கண் தெரியவில்லையாம், வாசிக்க முடியாதாம்.

அவர் மகள் கவிதா டீ கொண்டுவந்தாள். "அக்கா, உங்க போஸ்ட் ஒண்ணு விடமாட்டேன். அப்பாவுக்கும் வாசிச்சுக் காட்டுவேன்" என்றாள். அங்கேயே நின்று ஃப்ரெண்ட் ரிக்வெஸ்ட் அனுப்பினாள். அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள்.

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

காலையிலிருந்து நல்ல மனுஷன், நல்ல மனுஷன் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

பதினாறாம் நாள் கழியட்டும், கவிதா பாவம் என்றுதான் முதலில் நினைத்தேன்... என் அம்மாவுக்காக ஒரு சாயங்காலம்கூட யாரும் பொறுக்கவில்லை.

கவிதாவை டேக் செய்திருக்கிறேன்.

போய் வாங்க அண்ணாச்சி.