மேட்டில் இழுக்காத வண்டி

ஒர்க்‌ஷாப் தெருவில் அவருக்குச் சோப்புக்காரர் என்றுதான் பெயர். டர்போ வண்டி இழுக்கவில்லை என்று யார் வந்தாலும் முதலில் சோப்புத் தண்ணீரையும் சவரப் பிரஷ்ஷையும்தான் தேடுவார். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றை அழுத்திக்கொண்டு போகும் குழாய்களின் வாயை அடைத்து, கம்ப்ரசரால் காற்றேற்றி, மூட்டு மூட்டாகச் சோப்பு தடவுவார். கசிவு இருந்தால் அங்கே நுரை பொங்கும். யாரும் சொல்லித் தந்ததில்லை. நல்ல டர்போக்களை வீணாகக் கழற்றிப் போட்டுப் படித்த பாடம்.

"என்ன, வண்டிக்குச் சவரமா?" என்பார் எதிர்க்கடை டயர்காரர்.

"உங்க சரக்கெல்லாம் மொட்டை. அங்க எனக்கு வேலையே இல்ல."

காற்றைத் திறந்து மூடுவது எப்போதும் அவர் மனைவிதான். வண்டிக்கடியில் படுத்தபடி "விடு" என்பார். பிறகு "போதும்" என்பார். இத்தனை வருடத்தில் நீங்கள் பேசிக்கொண்டது இந்த இரண்டு வார்த்தைதான் என்று மகள் கேலி செய்வாள்.

அந்த மகள் காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவில்லை. அவளுடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதை எடுக்க அவர் விடவில்லை. அதைத் தாண்டி உள்ளே போக மனைவிக்குக் கால் எழவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தங்கை வீட்டோடு போய்விடுவதென்று முடிவு செய்தாள். கூடவே வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள்.

"அந்தச் செருப்ப யாரு பாத்துக்குவா?" என்றார் அவர்.

காரில் கிளம்பிப் போனவள் சிறிது நேரத்தில் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றாள். பின் சீட்டில் பெட்டிகள்.

"முதல் மேட்டுலயே இழுக்கலங்க. இத வெச்சுக்கிட்டு மலை ஏற முடியாது. பாருங்க."

அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. குழாயின் வாயை அடைத்துவிட்டு வண்டிக்கடியில் படுத்தார்.

"விடு."

அவள் காற்றைத் திறந்தாள். எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கம், கிளிப்பை ஒட்டி, நுரை பொங்கியது. நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. வண்டி சும்மா நிற்கும்போது மூடிக்கொள்ளும், அழுத்தம் ஏறினால் வாய் திறக்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"டர்போவே போயிடுச்சு. புதுசு வரவழைக்கணும். நாளாகும்."

அவள் காற்றை மூடவில்லை. சீறல் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கும் காது இருக்குங்க" என்றாள், கோபமில்லாமல். "அதுக்குப் புதுக் குழாய் ரெண்டாவது தட்டுல இருக்கு. நான்தான் தொடச்சு வெச்சேன்."

அவர் "போதும்" என்றார்.

புதுக் குழாயை மாட்டி, கிளிப்பை முறுக்கி, மறுபடி சோப்பு தடவினார். ஒரு குமிழிகூட இல்லை. மேட்டில் ஏற்றிப் பார்க்க அவளே ஓட்டினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து காற்றழுத்த மீட்டரைப் பிடித்திருந்தார். முள் தங்குதடையில்லாமல் ஏறியது. மேட்டின் உச்சியில் அவர் இறங்கிக்கொண்டார்.

"வேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள்.

வண்டி மலைப்பாதையில் திரும்பியது. எங்கேயாவது ஒரு சின்னச் சீறல் கேட்காதா என்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கேட்கவேயில்லை. அவ்வளவு நன்றாக வேலை பார்த்திருந்தார்.